மஞ்சள் தெளித்த தரை

சுருளிப்பட்டி
10.11.2024

அன்புத் தம்பி மாரிசெல்வத்துக்கு அக்கா சந்தனம் எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். உன் மச்சான் வழக்கம்போல ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் போய் வருகிறார். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, முதுகுவலிக்கு மாத்திரை தருகிறார்களா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட் வாசலில் நான் மயங்கி விழுந்ததாக யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. கோட்டைச்சாமி காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நம் சொந்தப் பெரியப்பா மகன், நீ உழைத்துக் கொட்டிய டைல்ஸ் கம்பெனிக்கு முதலாளி. நம் அம்மா கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவன் கூண்டில் ஏறி, "மிஷின் மூடி அன்னைக்குக் காலை வரைக்கும் இருந்துச்சு. வேலை சீக்கிரம் முடியணும்னு மாரிசெல்வந்தான் கழட்டி வாய்க்கால்ல வீசிட்டான்" என்று சத்தியம் பண்ணுகிறான். பின்னாலேயே உன்கூட மிஷினில் நின்ற ஒச்சாண்டி ஏறி, "என் ரெண்டு கண்ணால பாத்தேன்யா" என்கிறான். அடப் பாவிகளா! இரண்டு பேர் நாக்கும் இன்னும் அழுகவில்லையே!

மூடி இல்லாத உருளைக்குள் இருளம்மாள் கை போனதும் ஓடிவந்து மிஷினை நிறுத்தியவன் நீ. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவன் நீ. அவள் பிழைக்கவில்லை. அதற்கு உனக்கு மூன்று வருஷம், கம்பெனிக்காரனுக்கு மாலை மரியாதை.

இருளம்மாள் மகள் திரிஷா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். சேலையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜஸ்டின் வக்கீல் அப்பீல் போட்டிருக்கிறார். ஜாமீன் தள்ளுபடி ஆகிவிட்டது. புதிதாக ஒரு சாட்சியம் கிடைத்தால்தான் அப்பீல் நிற்கும், இல்லையென்றால் மூன்று வருஷத்தையும் கழித்துவிட்டுத்தான் வரணும் என்கிறார். கிடைக்கும். அவன் சொன்ன பொய்யை அவனே தின்கிற நாள் வராமல் என் கட்டை வேகாது. தைரியமாக இரு.

உன் அக்கா
சந்தனம்


சிறை
01.12.2024

அக்காவுக்குத் தம்பி மாரிசெல்வம் கும்பிட்டு எழுதுவது.

உடம்பு பரவாயில்லை அக்கா. என்னைத் தறிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். வெளியே பழைய வாழைத்தார் பிளாஸ்டிக் உறையையும் நிழல்வலையையும் உருக்கித் தரைக்கு டைல்ஸ் போட்டேன், உள்ளே நூலை இழுத்து ஜமுக்காளம் நெய்கிறேன். எப்படியும் ஜனங்கள் காலடியிலேதான் என் பிழைப்பு. கை பழகிவிட்டது. மஞ்சள் நூல் மட்டும் எடுக்க முடியவில்லை. அந்த மூடியும் மஞ்சள்தானே. எடுத்தால் இருளம்மாக்கா சத்தம் காதில் கேட்கிறது.

சத்தியமாக அந்த மூடியை நான் கழற்றவில்லை. போன வருஷம் ஜூலை மாதம், உனக்கு விஷக்காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டு வந்தேனே, திரும்பிப் போனபோது மிஷின் மொட்டையாக நின்றது. கேட்டதற்குக் கோட்டைச்சாமி அண்ணன், "கோயமுத்தூருக்கு ரிப்பேருக்குப் போயிருக்குடா, நீ வேலையப் பாரு" என்றார். ஆறு வாரம் தினமும் கேட்டேன். ஏழாவது வாரம் இருளம்மாக்கா போய்விட்டது. கேட்டதோடு நிற்காமல் மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். அந்தத் தப்பு மட்டும் என்னுடையது.

ஒவ்வொரு டைல் முதுகிலும் தேதி விழும் அக்கா. காலையில் அந்த அச்சைத் திருப்பி வைப்பதுதான் என் முதல் வேலை. இப்போது யார் திருப்புகிறார்களோ என்று இங்கே படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

விடாதே அக்கா. அவரை மட்டும் விடாதே. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி
மாரிசெல்வம்


சுருளிப்பட்டி
12.01.2025

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசி சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தை இருபது தடவை படித்தேன். குளிர் அதிகமாக இருக்கிறது, போர்த்திக்கொண்டு படு.

நான் ஏலத்தோட்டத்து வேலையை விட்டுவிட்டேன். மலை ஏறி இறங்க முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். எங்கே என்று கேட்காதே. இந்தக் கடிதம் நாலு கண் பார்த்த பிறகுதான் உன் கைக்கு வருகிறது, நினைவு வைத்துக்கொள். யார் வந்து என்ன சொன்னாலும் உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். தெரியும்தானே?

பொங்கலுக்கு உனக்குப் பிடித்த பூசணிக்காய்க் குழம்பு வைப்பேன். சாப்பிட மாட்டேன், வைப்பேன்.

அக்கா
சந்தனம்


சிறை
09.02.2025

சந்தனம் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் அடிதடி கேஸில் உள்ளே வந்திருக்கிறார். பொங்கலன்று கம்பெனியில் பானை பொங்கும்போது நீ கோட்டைச்சாமி காலில் விழுந்தாயாம். நூறு பேர் முன்னால், "என் தம்பி செஞ்சது தப்பு. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கெடையாது. எனக்கு ஒரு வேலை குடுங்கண்ணே" என்றாயாம். அவர் உன் தலையில் கைவைத்து, "எந்திரி ஆத்தா, குப்பையக்கூட நான் வீசுறதில்ல, உன்னைய வீசுவனா?" என்றாராம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

பொய் என்று அந்த ஆளை அடிக்கப் போனேன். அவர் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினார்.

முட்டிவலி என்றாயே. அவன் காலில் விழும்போது வலிக்கவில்லையா? இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

மாரிசெல்வம்


சுருளிப்பட்டி
02.03.2025

என் தம்பிக்கு,

நான் தம்பி என்றுதான் எழுதுவேன். நீ பிரிக்காவிட்டாலும் எழுதுவேன். உடம்பைப் பார்த்துக்கொள், வெயில் ஆரம்பித்துவிட்டது.

விழுந்தேன். ஆமாம். சொன்னேன். ஆமாம். அதற்கு மேல் இந்தத் தாளில் எழுத முடியாது.

வேலை பழகிவிட்டது. வருகிற பிளாஸ்டிக்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மிதப்பது ஒரு பக்கம், முங்குவது ஒரு பக்கம் என்று பிரிக்கிறேன். திரிஷாவும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரிக்கிறாள். பேச மாட்டாள். இரண்டாவது மிஷினுக்கு மூடி இருக்கிறது, தினமும் நான்தான் துடைக்கிறேன். நல்ல மஞ்சள். ஓரத்தில் கம்பெனிப் பேர் மேடாக எழுதியிருக்கும், உனக்குத் தெரியுமே.

பின் ஷெட்டில் ஒரு லாட் டைல்ஸ் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பச்சை டைலில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்து, வாங்க ஆள் இல்லாமல் ஒதுக்கிப் போட்டது. அண்ணன் அதை மறுபடி அரைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மதினி கம்பெனிக்கு வந்திருந்தபோது ஒன்றைக் கழுவிக் காட்டினேன். "பாருங்க மதினி, மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி எம்புட்டு லெச்சணமா இருக்கு. காசு குடுத்தாலும் இப்பிடி அமையாது. அல்லிநகரத்துல புதுவீடு கட்டுறீகளே, சாமி ரூமுக்குப் போடுங்க" என்றேன். மதினி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காசு செலவில்லாத சரக்கு என்றதும் அண்ணன் முகமும் மலர்ந்துபோனது. "நாஞ்சொல்லல? குப்பைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது" என்றார்.

டைல்ஸ் கதை எதற்கு என்று நினைப்பாய். நினை. ஆனால் படி தம்பி, இதை மட்டும் படி.

அக்கா


சுருளிப்பட்டி
10.06.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

மார்ச் மாதக் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. உன் கையெழுத்தில் 'வேண்டாம்' என்று இருந்தது. அதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக உன் உடம்பு எப்படி என்றுகூடத் தெரியவில்லை. ஜஸ்டின் வக்கீலிடம் கேட்டால், "இளைச்சிருக்கான்" என்று மட்டும் சொல்கிறார்.

கோட்டைச்சாமி புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். நான் இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் பாத்திரம் கழுவி, வீடு துடைத்துக் கொடுத்தேன். சாமி ரூம் முழுக்க அந்தப் புள்ளி டைல்ஸ்தான், சிமெண்ட் வைத்துக் கெட்டியாகப் பாவியிருக்கிறார்கள். முட்டி போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஐயர் உட்கார்ந்தது அதன் மேல், கும்பம் வைத்தது அதன் மேல், அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டதும் அதன் மேல்தான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

பந்தியில் ஒரு கிழவி, "உன் தம்பி எப்ப வருவான்?" என்று கேட்டாள். "யாரு தம்பி?" என்றேன். சாப்பாட்டோடு இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

ஒரே ஒரு வரி எழுது. 'இருக்கிறேன்' என்று எழுதினால் போதும்.

அக்கா


சுருளிப்பட்டி
22.07.2025

தம்பி மாரிசெல்வத்துக்கு அக்கா சந்தனம்.

இதை ஜஸ்டின் வக்கீல் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பிரிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் அவரே சத்தம் போட்டு வாசித்துவிடுவார். வெட்கப்படாமல் கேள்.

ஏலே கூறுகெட்டவனே, உன் மூடி கிடைத்துவிட்டது!

அது வாய்க்காலுக்கும் போகவில்லை, கோயமுத்தூருக்கும் போகவில்லை. நீ லீவில் இருந்த மூன்று நாளில், சரக்குச் சிக்கினால் மூடியைத் தூக்கித் தூக்கி நேரம் போகிறதென்று அவனே கழற்றச் சொல்லியிருக்கிறான். கழற்றியதைச் சும்மா வைக்க மனசு வருமா அவனுக்கு? நல்ல பிளாஸ்டிக்காயிற்றே, அரவை மிஷினில் போட்டுவிட்டான். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான். மூடி வேறு ரகம். தார் உறை உருகுகிற சூட்டில் அது உருகாது. சுண்டைக்காய் அளவில் துண்டு துண்டாக, போட்ட மஞ்சள் மாறாமல் டைல்ஸுக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்த லாட்தான் புள்ளி விழுந்த லாட்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அதைப் பார்த்தேன். ஒரு டைலில் நகத்தளவு துண்டில் மேடாக அரை எழுத்து தெரிந்தது. இரண்டாவது மிஷின் மூடியைத் தினமும் துடைக்கிறவளுக்கு அந்த எழுத்து தெரியாதா? திருப்பிப் பார்த்தேன். முதுகில் 3.7.2023. இருளம்மாள் செத்ததற்கு ஆறு வாரம் முந்தின தேதி. எனக்குக் காய்ச்சல் என்று நீ என் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டின தேதி. அச்சைத் திருப்பினது ஒச்சாண்டி, ரிஜிஸ்தரில் அவன் கையெழுத்தே இருக்கிறது. நீ திருத்திவைத்தாய் என்று எவனும் சொல்ல முடியாது.

ஒரு டைலைத் திருடிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். "இத நீங்களே செஞ்சு கொண்டாந்ததா சொல்லிருவாங்கம்மா. அவங்க இடத்துல, அவங்க கண்ணு முன்னால எடுக்கணும்" என்றார். அதற்குள் மொத்த லாட்டையும் அரைக்கச் சொல்லிவிட்டான். அரைத்து மறுபடி ஊற்றினால் தேதியும் போகும், நீயும் போவாய். எங்கே ஒளித்து வைப்பேன் இருநூறு டைல்ஸை? அவனையே ஒளித்துவைக்கச் சொன்னேன். மஞ்சள் என்றால் மதினி மறுக்க மாட்டாள், ஓசி என்றால் அவன் மறுக்க மாட்டான். சிமெண்ட் பூசி, சாமி படம் மாட்டி, தினமும் விளக்கேற்றிப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று கோர்ட் உத்தரவோடு அதிகாரியும் போலீசும் போட்டோக்காரரும் வந்தார்கள். மதினி வாசலில் குறுக்கே நின்று, "சாமி ரூமுக்குள்ள செருப்புக் காலோட வராதீக" என்று கத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் கோட்டைச்சாமி முகத்தைப் பார்க்கணுமே! "நீயாடி?" என்றான். "நாந்தாண்ணே. நீங்க வீசாத குப்பை" என்றேன்.

கொத்தனார் உளியைத் தூக்கும்போது திரிஷா முன்னால் வந்தாள். முந்தின நாள்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். உளியை அவன் கையிலிருந்து வாங்கி, நடு டைலைத் தானே பேர்த்துத் திருப்பினாள். முதுகில் தேதி. அதிகாரி சத்தமாக வாசித்தார். வெளியே நின்ற ஒச்சாண்டி, "அண்ணன் சொல்லித்தான்யா சாட்சி சொன்னேன்" என்று அங்கனயே அழ ஆரம்பித்தான். இருபத்து நாலு டைல்ஸ் எடுத்துப்போனார்கள். சாமி படத்துக்கு நேர் கீழே இப்போது பள்ளம்.

திரிஷா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. நீ பேசுகிற வரைக்கும் அழுவதில்லை என்று இருக்கிறேன்.

அக்கா
சந்தனம்


சிறை
30.07.2025

அக்காவுக்கு,

இருக்கிறேன்.

வக்கீல் வாசித்தார். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நானே வாங்கிப் படித்தேன். திருப்பி அனுப்பின கடிதத்தையும் கொடுத்துவிடு. அதில் மஞ்சள் மூடி என்று அத்தனை தெளிவாக எழுதியிருந்தாய் என்றார். பிரித்திருந்தால் ஐந்து மாதம் உன்னைத் திட்டிக்கொண்டே தூங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பொய்க்காகவே இருந்தாலும் நீ அவன் காலில் விழுந்ததை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. உன்மேல் இருந்த கோபமெல்லாம் அவன்மேல் திரும்பிவிட்டது. எனக்காக நீ குனிந்த அந்த ஒரு நிமிஷத்துக்கு அவன் என்ன கொடுத்தாலும் ஈடில்லை. சமாதானம் என்று எவன் வந்தாலும் சம்மதிக்காதே.

இன்று மஞ்சள் நூல் எடுத்தேன். ஜமுக்காளத்துக்குக் கரை போட்டேன். முட்டிக்குத் தைலம் தேய்.

உன் தம்பி
மாரிசெல்வம்


அல்லிநகரம்
14.09.2025

தங்கச்சி சந்தனத்துக்கு அண்ணன் கோட்டைச்சாமி எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? இங்கே உன் மதினிக்குச் சர்க்கரை கூடிவிட்டது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய். பேசினால் ரெக்கார்டு பண்ணிவிடுவார்கள் என்று ஒரு வக்கீலும் சொன்னார். அதனால்தான் என் கைப்பட எழுதுகிறேன். பங்காளிக்குள் நடந்ததைக் கோர்ட்டில் வைத்து நாறடிக்கலாமா?

மூடியை நான் கழற்றச் சொன்னது வாஸ்தவம்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆர்டர் நெருக்கியது. இருளம்மாள் கை போகும் என்று யாருக்குத் தெரியும்? பயத்தில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். தம்பி சின்னவன், மூன்று வருஷம் கழித்தாலும் அவனுக்கு வயசு இருக்கிறது, எனக்கு ஏது என்று நினைத்தேன். அது தப்புத்தான்.

அவன் வெளியே வந்ததும் கம்பெனியில் பங்கு எழுதி வைக்கிறேன். என்மேல் புதிதாகக் கேஸ் போட வேண்டாம் என்று மட்டும் வக்கீலிடம் சொல். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தோம் ஆத்தா. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணன்
கோட்டைச்சாமி


சுருளிப்பட்டி
21.09.2025

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கச்சி சந்தனம் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். மதினிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுங்கள். பள்ளத்தை அவளிடமிருந்து மறைக்க வேண்டுமானால் மேலே ஏதாவது விரித்துவிடுங்கள். தம்பி நெய்து, ஜெயில் கடையில் நான் விலைக்கு வாங்கிய ஜமுக்காளம் ஒன்று வீட்டில் இருக்கிறது, மஞ்சள் கரை போட்டது. உங்களுக்குத் தரமாட்டேன்.

தம்பி வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான். அப்பீலில் தீர்ப்பு ஆகிவிட்டது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கூட்டிவர நானும் உங்கள் மாப்பிள்ளையும் திரிஷாவும் போகிறோம். உங்கள் பங்கு அவனுக்கு வேண்டாமாம். கேஸ் வேண்டாம் என்று என்னிடம் கேட்டால், இருளம்மாளைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.

நூறு பேர் முன்னால் உங்கள் காலில் விழுந்தபோது உங்கள் செருப்பில் ஒட்டியிருந்த பொங்கல் பருக்கைகூட எனக்கு நினைவிருக்கிறது. அன்று நீங்கள் குனிந்து என் தலையைத் தொட்டீர்கள். அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் வைக்கவில்லை.

உங்கள் கடிதம் நன்றாக இருந்தது. மூடியைக் கழற்றச் சொன்னது, பொய்ச் சத்தியம் பண்ணினது, எல்லாம் உங்கள் கைப்பட, தேதி போட்டு, கையெழுத்தோடு. கிழிக்கச் சொன்னீர்கள். கிழிப்பேனா? குப்பை என்று ஒன்று கிடையாதென்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே. அப்படியே ஜஸ்டின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நாளை அவர் போலீசில் கொடுக்கிறார்.

உள்ளே ஜமுக்காளம் நெய்கிற வேலை இருக்கிறதாம். முதல் மாதம் விரல் வலிக்கும், பிறகு பழகிவிடும் என்று தம்பி சொன்னான். வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அங்கே அவ்வளவு ஆறுதலாக இருக்குமாம். மதினியை எழுதச் சொல்லுங்கள். நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு
சந்தனம்